வரிசைக்கு வராதவரின் கணக்கு: கொங்கு நாட்டுக் கணிதத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டக் கல்லூரிகளில் கணிதமும் புள்ளியியலும் செயல்பாட்டு ஆய்வும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், அவற்றைப் பயிலும் மாணவர்களுக்கும்:

காத்திருத்தல் கணிதத்துக்கு உட்பட்ட பொருள் என்பதை இந்த வட்டாரத்தில் தங்களைவிட நன்கு அறிந்தவர் இலர். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் கணினித் துறை மாணவர்கள் ‘நிகழ்தகவும் வரிசைக் கோட்பாடும்’ என்ற தாளை ஆண்டுக்கணக்கில் எழுதி வந்திருக்கிறார்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் செயல்பாட்டு ஆய்வுப் பாடத்தின் ஓர் அலகாக அதே கோட்பாடு கற்பிக்கப்படுகிறது. ஆய்வேடுகளுக்கும் அது விரும்பி எடுக்கப்படும் தலைப்பாக இருக்கிறது. ஆயினும் இந்தப் பயிற்சியின் பெரும்பகுதி, வருகை வீதமும் சேவை வீதமும் கேள்வித்தாளிலேயே தரப்பட்ட பிறகு தொடங்கி, சராசரிக் காத்திருப்பு நேரம் கிடைத்தவுடன் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன, யாரை எண்ணியதால் வந்தன, யாரை எண்ணாமல் விட்டதால் வந்தன என்ற கேள்விகளுக்கு வகுப்பறையில் இடம் கிடைப்பது அரிது. அக்கேள்விகளை இந்த வட்டாரத்தின் மருத்துவமனைகளுக்கும் பாசன வாய்க்கால்களுக்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்வதே இம்மடலின் நோக்கம்.

வரிசைக் கோட்பாடு அளவெடுத்தலிலிருந்தே பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அக்னர் கிராருப் எர்லாங், இணைப்பகத்துக்கு அழைப்புகள் எந்த ஒழுங்கில் வந்துசேர்கின்றன என்பதை ஆராய்ந்து 1909-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவரின் அழைப்புக்கும் மற்றொருவரின் அழைப்புக்கும் தொடர்பில்லாத நிலையில் வருகைகள் பாய்சான் பரவலைப் பின்பற்றும் என்று காட்டினார். தொலைபேசியைப் பொறுத்தவரை இது நியாயமான எடுகோள். ஏனெனில் அழைப்பவர் தமக்கு முன்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதில்லை, பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டு அழைப்பதும் இல்லை. ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்க நிற்பவர் அத்தகையவர் அல்லர். அவர் முதல் பேருந்தில் வந்தவராக இருக்கலாம். அதே பேருந்தில் அவருடன் இன்னும் சிலர் வந்திறங்கியிருக்கலாம். பேருந்து வந்த சில நிமிடங்களில் கூட்டம் குவிந்து, அடுத்த பேருந்து வரும்வரை தணியும் இவ்வகை வருகையைத் தொகுதி வருகை என்பர். பாய்சான் எடுகோளை மட்டும் நம்பிப் போடப்படும் கணக்கு, அங்கு உண்மையில் நிலவும் நெரிசலைவிடக் குறைந்த நெரிசலையே காட்டும்.

பாய்சான் எடுகோளின்மீது அமைந்த அடிப்படை மாதிரி பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு மருத்துவர் சராசரியாக மூன்று நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்ப்பதாக, அதாவது மணிக்கு 20 பேரைப் பார்க்க வல்லவராக, வைத்துக்கொள்ளலாம். வருகையும் சேவை நேரமும் எளிய மாதிரியின் எடுகோள்களுக்குப் பொருந்தினால், மணிக்கு 16 பேர் வரும்போது ஒருவர் அங்கே கழிக்கும் சராசரி நேரம் 15 நிமிடம். 18 பேர் வரும்போது 30 நிமிடம். 19 பேர் வரும்போது ஒரு மணி நேரம். மணிக்கு மூன்றே பேர் கூடுவதால் அந்நேரம் நான்கு மடங்காகிறது. மருத்துவர் ஒரு நிமிடமும் ஓய்வின்றி இருப்பதே சிறந்த நிர்வாகம் என்று கருதும் எந்த அலுவலகமும் இந்த மூன்று எண்களை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். சேவை தருபவருக்குச் சிறிது நேரம் ஒழிந்திருப்பது வீண் அன்று. வரிசை கட்டுக்குள் நிற்பதற்குக் கொடுக்கும் விலை அது. இதே மாதிரி வேறொன்றையும் சொல்கிறது. மணிக்குத் தலா பதினெட்டுப் பேர் வரும் இரண்டு அறைகளுக்கு இரு தனி வரிசைகள் இருந்தால் ஒவ்வொருவரும் சராசரியாக 30 நிமிடம் கழிப்பர். அதே இரு மருத்துவர்களுக்கும் ஒரே பொது வரிசை அமைத்து, முதலில் ஒழியும் அறைக்கு அடுத்தவரை அனுப்பினால், அந்நேரம் ஏறத்தாழ 16 நிமிடமாகக் குறையும். புதிய மருத்துவரோ புதிய கட்டடமோ இதற்குத் தேவையில்லை.

இவற்றோடு 1961-இல் ஜான் கிங்மன் தந்த தோராயச் சூத்திரத்தையும் சேர்க்க வேண்டும். காத்திருப்பு என்பது வேலைப்பளுவால் மட்டும் வருவதன்று. வருகையிலும் சேவை நேரத்திலும் உள்ள ஏற்ற இறக்கத்தாலும் வருவது என்பதை அது எண்ணால் காட்டுகிறது. தமிழ்நாட்டில் இதை நடைமுறையில் காண அரவிந்த் கண் மருத்துவமனையைவிடச் சிறந்த இடம் இல்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிறுவனம், 1997-இல் கோவை அவிநாசி சாலையில் தன் கிளையைத் திறந்தது. அங்கே அறுவை மருத்துவர் ஒரு மேசையில் கண்புரையை அகற்றிக்கொண்டிருக்கும்போதே அருகிலுள்ள மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார்; ஒன்று முடிந்தவுடன் மருத்துவர் அடுத்ததற்குத் திரும்புவார். ஆயத்தப்படுத்தும் வேலைகளைச் செய்பவர்கள், பெரும்பாலும் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட இளம்பெண்கள். ஒவ்வொரு படியும் ஒரே முறையில் நடப்பதால் அறுவைக்கு ஆகும் நேரத்தின் ஏற்ற இறக்கம் சுருங்குகிறது. கிங்மனின் சூத்திரத்தில் காத்திருப்பைப் பெருக்கும் காரணிகளில் ஒன்று அதனால் சிறுக்கிறது. கட்டணப் பிரிவுக்குச் செல்வதா, இலவசப் பிரிவுக்குச் செல்வதா என்பதையும் வருமானச் சான்று எதுவும் கேட்காமல் நோயாளியின் முடிவுக்கே விட்டிருக்கிறார்கள். எந்த வரிசையில் நிற்பது என்பதை நிற்பவரே தேர்ந்தெடுக்கும் அமைப்பு எப்படி நிலைத்து நிற்கிறது என்பது தனியே ஓர் ஆய்வேட்டுக்கு உரிய கேள்வி.

ஆனால் அரவிந்தின் வரலாற்றில் கணிதத் துறையினர் ஆழ்ந்து பார்க்க வேண்டிய செய்தி அறுவை அரங்கத்தில் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, அருகிலேயே இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்தபோதும், கண்ணில் குறையுள்ளவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் மட்டுமே அங்குச் சென்றனர் என்று கண்டறிந்தது. வராதவர்கள் சொன்ன காரணங்களில் அச்சம் இருந்தது, செலவு இருந்தது, வீட்டுப் பொறுப்பு இருந்தது, வயதான காலத்தில் இது போதும் என்ற எண்ணமும் இருந்தது. முகாமில் நின்றவர்களை மட்டும் எண்ணியிருந்தால் வருகை வீதம், சேவை வீதம், காத்திருப்பு நேரம் எல்லாமே சீராகத் தெரிந்திருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேரைப் பற்றி அந்தக் கணக்கு ஒரு சொல்லும் சொல்லியிருக்காது. இலவசம் என்று அறிவிக்கப்பட்ட சேவைக்கும் பயணச் செலவாகவும் இழந்த கூலியாகவும் துணைக்கு வருபவரின் ஒரு நாளாகவும் விலை இருக்கிறது என்பதை உணர்ந்த பிறகே, 2004 முதல் அரவிந்த் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்து, தொலைவிலுள்ள மருத்துவர் காணொளி வழியே நோயாளியைப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றதன் மூலம் இதே உண்மையை ஏற்றுக்கொண்டது.

வரிசையின் நீளத்தைக் கண்டு சேராமல் திரும்புவதைச் சேரா விலகல் என்றும், சேர்ந்த பின் பொறுமை இழந்து வெளியேறுவதை இடை விலகல் என்றும் பிரித்துச் சொல்லலாம். ஃபிராங்க் ஹைட் 1957-இல் சேரா விலகலைக் கணித மாதிரியாக அமைத்த நாள்தொட்டு இவ்விரண்டையும் பற்றி ஏராளமான கட்டுரைகள் வந்துள்ளன; அவற்றில் கணிசமானவற்றில் விலகலுக்கான நிகழ்தகவு வசதிக்கேற்ப எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு மாறிலியாகவே இருக்கிறது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்குக் கோவையிலுள்ள பெரிய மருத்துவமனையின் வரிசையில் சேர்வதா வேண்டாமா என்ற முடிவு, மருத்துவமனை வாசலில் எடுக்கப்படுவதில்லை. 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொள்ளாச்சிக்கு இறங்கும் பேருந்தில் ஏறும் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி ஓட்டுபவர் ஒரு நாள் தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போகும் என்று கணக்கிட்ட பிறகே புறப்படுகிறார். விலகல் நிகழ்தகவு என்ற அந்த மாறிலிக்குள் தூரமும் கூலியும் பேருந்து நேரமும் அடங்கியிருக்கின்றன. அவற்றை அளந்து வெளியே எடுப்பது இந்த வட்டாரத்துப் பேச்சும் வாழ்க்கையும் தெரிந்தவர்களால்தான் இயலும்.

வருபவர்களின் நடத்தையும் மாறிலியன்று. சேவை தொடங்கும் நேரம் தெரிந்திருந்து, எப்போது வருவது என்பதை அவரவரே முடிவு செய்யும் நிலையில் என்ன நேரும் என்பதை 1983-இல் கிளேசரும் ஹாசினும் ஆராய்ந்தனர். முந்தி வருவதால் கிடைக்கும் பயனும் முந்தி வந்து நிற்பதால் ஏற்படும் இழப்பும் சமன்படும்வரை மக்கள் தங்கள் வருகையை முன்னோக்கி நகர்த்துவார்கள் என்பதும், கதவு திறக்கும் முன்பே வரிசை உருவாகிவிடும் என்பதும் அவர்கள் காட்டியது. காலை ஏழரை மணிக்கு டோக்கன் தரும் இடத்தில் ஐந்தரைக்கே ஆள் நிற்பதை ஒழுங்கின்மை என்று கண்டிப்பதில் பயனில்லை. டோக்கன் விதியே அவரை அந்நேரத்துக்கு வரவழைக்கிறது. நேரம் குறித்த சீட்டு வழங்கினால் அந்த விடியற்காலை நிற்பு எவ்வளவு குறையும் என்பதை, ஒரே ஒரு பிரிவில் ஒரு பருவம் சோதித்துப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம்.

பின்ஹாஸ் நாவோர் 1969-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இன்னும் ஒரு படி சென்றது. வரிசையில் சேரும் ஒவ்வொருவரும் தமது காத்திருப்பை மட்டுமே எண்ணுகிறார், தமக்குப் பின்னால் வருபவர்மீது தாம் ஏற்றும் காத்திருப்பை எண்ணுவதில்லை. ஆகவே தனித்தனி முடிவுகளால் உருவாகும் வரிசை, அனைவருக்கும் சேர்ந்து நலமான அளவைவிட நீளமாக இருக்கும். நாவோர் சொன்ன தீர்வு, சேர்வதற்கு ஒரு கட்டணம். கணிதம் ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால் அத்தீர்வு ஒவ்வொருவரின் ஒரு மணி நேரத்துக்கும் ஒரே விலை என்ற எடுகோளின்மீது நிற்கிறது. ஆலை உரிமையாளருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் பத்து ரூபாய் ஒன்றன்று என்பதால், பொது மருத்துவமனையில் கட்டணம் வைத்து வரிசையைச் சுருக்குவது தேவை குறைந்தவரை விலக்காது, பணம் குறைந்தவரையே விலக்கும். மாணவர்களுக்கு இத்தேற்றத்தைக் கற்பிக்கும்போது இந்த எடுகோளையும் சேர்த்துக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்றே இம்மடல் கருதுகிறது.

மருத்துவமனையிலிருந்து வாய்க்காலுக்கு வந்தால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. 1958 முதல் செல்லுபடியாகும் வகையில் தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி இயங்கும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில், காண்டூர் கால்வாய் வழியே உடுமலை அருகிலுள்ள திருமூர்த்தி அணைக்கு வரும் நீர், கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கர் நிலத்துக்குப் போகவேண்டும். அத்தனை நிலத்துக்கும் ஒருசேரத் தர நீர் போதாது என்பதால், பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்து, ஒவ்வொரு முறையிலும் சில சுற்றுகளாக நீர் விடப்படுகிறது. ஒரு மண்டலம் நீர் பெறும்போது மற்றவை காத்திருக்கின்றன. சேவை தருபவர் ஒருவரே இருந்து பல வரிசைகளைச் சுற்றி வந்து கவனிக்கும் இந்த அமைப்பு, வரிசைக் கோட்பாட்டில் சுற்றுச் சேவை மாதிரி என்ற பெயரில் விரிவாக ஆராயப்பட்ட ஒன்று. ஒரு வரிசையை முழுதும் தீர்த்துவிட்டு நகர்வதா, குறித்த நாள் முடிந்ததும் நகர்வதா, ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்கு மாற எவ்வளவு நேரம் வீணாகிறது என்பவையே அம்மாதிரியின் கேள்விகள். வறண்ட கால்வாய் நனைந்து நிரம்பும்வரை கடந்துபோகும் நாட்களும், வழியில் மண்ணுக்குள் கசிந்துபோகும் நீரும், அந்த மாற்ற நேரத்தின் கொங்கு நாட்டு வடிவங்கள். கணினி வலையமைப்புகளுக்காக வளர்க்கப்பட்ட மாதிரி ஒன்று ஏறத்தாழ அப்படியே பொருந்தும் பாசனத் திட்டம் பொள்ளாச்சிக்கும் காங்கேயத்துக்கும் இடையே ஓடுகிறது.

லியோனார்ட் கிளைன்ராக் 1965-இல் நிறுவிய காப்பு விதியை இங்கே நினைவூட்டுவது பொருத்தம். சேவை தருபவர் வேலை இருக்கும்போது சும்மா இராமலும், வரிசை முறையை மாற்றுவதால் வேலையின் அளவு மாறாமலும் இருந்தால், வெவ்வேறு பிரிவினரின் காத்திருப்பு நேரங்களை அவரவர் வேலைப்பளுவால் பெருக்கிக் கூட்டிய தொகை, யாரை முதலில் கவனித்தாலும் மாறுவதில்லை. ஒருவருக்கு முன்னுரிமை தந்து குறைத்த காத்திருப்பு, மற்றொருவர் தலையில் அப்படியே ஏறுகிறது. வாய்க்காலில் கசிவும் மாற்ற நேரமும் இருப்பதால் விதி அதே வடிவில் பொருந்தாது. அந்த இழப்புகளைக் குறைத்தால் அனைவருக்குமே கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதே வாய்க்காலைச் சீரமைப்பதன் கணிதப் பொருள். ஆனால் இழப்புகளைக் குறைத்த பின்னும் எஞ்சுவது பங்கீடுதான். அது யாருக்கு முதலில் என்ற கேள்வி, அதைச் சூத்திரத்தால் தீர்க்க முடியாது. கூடி முடிவெடுத்தே தீர்க்க வேண்டும்.

கூடி முடிவெடுப்பதற்கும் கணிதம் உண்டு. 1785-இல் பிரெஞ்சு அறிஞர் காண்டோர்சே கண்ட முரணை ஒரு பாசனச் சங்கக் கூட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். தலைமடை, நடுமடை, கடைமடை என மூன்று தரப்பினர் சம எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்றும், எல்லா மடைகளையும் ஒருசேரத் திறப்பது, தலைமடையிலிருந்து முறைவைப்பது, கடைமடையிலிருந்து முறைவைப்பது என மூன்று யோசனைகள் உள்ளன என்றும் கொள்க. தலைமடைக்காரர்கள் தலையிலிருந்து தொடங்குவதை முதலிலும், ஒருசேரத் திறப்பதை அடுத்தும் விரும்புவர். கடைமடைக்காரர்கள் கடையிலிருந்து தொடங்குவதை முதலில் வைத்து, ஒருசேரத் திறந்தால் தங்கள் வயலுக்கு நீர் வந்தே சேராது என்பதால் அதைக் கடைசியில் வைப்பர். நடுமடைக்காரர்கள் ஒருசேரத் திறப்பதை முதலிலும், கடையிலிருந்து தொடங்குவதை அடுத்தும் விரும்பினால், இரண்டிரண்டாக வாக்கெடுக்கும்போது ஒவ்வொரு யோசனையும் ஒன்றை வென்று மற்றொன்றிடம் தோற்கும். எந்த இரண்டை முதலில் வாக்குக்கு விடுவது என்பதை முடிவு செய்பவர், தமக்கு வேண்டிய யோசனையை இறுதியில் வெல்லவைக்கலாம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட யோசனைகள் இருக்கும்போது, சில எளிய நியாய நிபந்தனைகள் அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றும் வாக்கு விதி, ஒரே ஒருவரின் விருப்பத்தையே சமூகத்தின் விருப்பமாக்கும் விதியைத் தவிர வேறெதுவும் இல்லை என்று கென்னத் ஆரோ 1951-இல் நிறுவினார். ஆரோவின் தேற்றத்தைப் படித்துவிட்டுக் கூட்டம் போடுவதே வீண் என்று முடிவுகட்டுபவர்கள் அதைத் தவறாகப் படித்தவர்கள். வாக்கெடுப்பின் வரிசையும் விதியும் கூட்டத்துக்கு முன்பே அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதிலிருந்து நடைமுறைக்குக் கிடைக்கும் பாடம். 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டத்தின்கீழ் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் நடக்கும் இந்தப் பகுதியில் இது ஏட்டுப் பாடம் அன்று.

ஆகவே தங்களிடம் இம்மடல் வேண்டுவது பெரிய நிதியோ புதிய மையமோ அன்று. முதுகலை, இளநிலை இறுதியாண்டுத் திட்டப்பணிகள் எப்படியும் நடக்கின்றன. அவற்றில் ஒரு பங்கை, கற்பனை எண்களை மென்பொருளில் இட்டுப் பெறும் விடைகளிலிருந்து விலக்கி, உரிய அனுமதியோடு ஒரு புறநோயாளிப் பிரிவிலோ ஒரு பேருந்து நிலையத்திலோ ஒரு கிளை வாய்க்காலிலோ நேரம் குறித்துப் பெற்ற எண்களுக்குத் திருப்பலாம். பெயரும் நோயும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எந்த ஊர் என்ற மூன்றே போதும். அதோடு நிறுத்திவிடாமல், அந்த ஊர்களில் ஒன்றுக்குச் சென்று, சேவை தேவைப்பட்டும் வராதவர்கள் எத்தனை பேர், ஏன் வரவில்லை என்று கேட்டு எழுத வேண்டும். இரண்டாவது வேலைதான் கடினம். முதல் வேலைக்குப் பொருள் தருவதும் அதுவே. வேளாண் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, பாரதியார் பல்கலைக்கழகம் மூன்றும் ஒரே நகரத்தில் இருக்கும்போது, நீரறிந்தவரும் நோயறிந்தவரும் கணிதம் அறிந்தவரோடு ஒரு மேசையில் அமரத் தடையேதும் இல்லை.

கண்டறிந்ததைத் தமிழில் எழுதி, அளவெடுக்க இடம் தந்த மருத்துவமனைக்கும் பாசனச் சங்கத்துக்கும் முதலில் கொடுங்கள்; ஆய்விதழுக்கு அதன் பிறகு அனுப்பலாம். வெள்ளகோவில் கடைமடை விவசாயி ஒருவர் தம் சங்கக் கூட்டத்தில் எடுத்து வாசித்துப் புரிந்துகொள்ளத்தக்க ஓர் அறிக்கையேனும் இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் தங்கள் துறையிலிருந்து வரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.